எல்.எல்.ஆர். தேர்வில் கோட்டை விட்டால்...

கேள்வி: எல்.எல்.ஆர். கம்ப்யூட்டர் தேர்வில் ஃபெயிலாகிவிட்டேன். மறுபடி எப்படிப் படிப்பது?

பதில்: விடைகளை உருப்போடாதீர்கள், சாலை அடையாளப் பலகையின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல்.

பலரும் சறுக்குவது ஒன்றுபோலிருக்கும் பலகைகளில்தான். சிவப்பு விளிம்பிட்ட நீல வட்டத்தில் ஒரே ஒரு குறுக்குக்கோடு இருந்தால் 'பார்க்கிங் கூடாது'. ஆளை ஏற்றி இறக்க நிறுத்தலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால், ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது.

அடுத்தது, முதலில் யார் போவது என்ற கேள்வி. சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடுங்கள். ரவுண்டானாவில், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை.

பரிவாஹன் தளத்தில் மாதிரித் தேர்வு இருக்கிறது. அதில் தவறும் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் குறித்துப் படியுங்கள்.