உடம்பு இன்னும் மறக்கல
பைக் விபத்து நடந்து ஆறு மாசம் ஆச்சு, காயமும் ஆறிடுச்சு. ஆனா பிரேக் சத்தம் கேட்டா நண்பனுக்கு இன்னும் கை வேர்க்குது. ஏன்?

மூளையில் இருக்கும் அமிக்டலா, நாம் யோசித்து முடிப்பதற்குள் அபாயமணி அடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும், தசைகள் இறுகும். அந்த நேரத்தில் 'ஒண்ணும் இல்லடா' என்ற ஆறுதல் உள்ளே போகாது. உடம்பு வழியாகவும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அதிர்ச்சியால் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி., சிகிச்சை எடுத்தும் சரியாகாத 64 பெண்களை வைத்து அமெரிக்க மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு ஓர் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டது. ஒரு குழுவுக்கு 10 வாரம் யோகா. இன்னொரு குழுவுக்கு உடல்நல வகுப்பு. முடிவில் பி.டி.எஸ்.டி. வரையறைக்குள் வராதவர்கள் யோகா குழுவில் 52%, மற்றதில் 21%.

படபடப்பு வந்தா, ரெண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்க. மூச்சை இழுத்ததைவிட மெதுவா, நீளமா விடுங்க. மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். கண்ணை மூட பயமா இருந்தா திறந்தே வைங்க.

இது முதலுதவி மட்டும்தான். தூக்கமும் படிப்பும் கெட்டா, டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

'இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்க?'ன்னு மட்டும் நண்பனைக் கேட்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கூடவே மூச்சு விடுங்க.