குடை தன் வரலாறு கூறியது போதும்

நம் தமிழ்ப் பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மரம் தன் வரலாறு கூறும், ஆறு கூறும், கிழிந்த குடைகூடக் கூறும். அதை எழுதுகிற பிள்ளை மட்டும் தன் கதையைச் சொல்ல இடமில்லை. பல்லடம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அந்த இடத்தைக் கொடுத்துப் பார்த்தேன். சிலது கைகூடியது, சிலது சொதப்பியது. இரண்டிலிருந்தும் வந்ததுதான் இந்த வழிமுறை. வாரம் ஒரு பாடவேளை, ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பருவகாலப் பொறுமை. வேறு செலவில்லை.

முன்னோடி நம் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், மாணவர்களும் ஆய்வாளர்களும் கலந்துகொள்ளும் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பை நடத்திவந்தார். சாதியைத் தம் வாழ்வில் எப்படி எதிர்கொண்டோம் என்று 32 பேர் எழுதிய கட்டுரைகளை அவர் தொகுக்க, 2013இல் காலச்சுவடு ‘சாதியும் நானும்’ என்ற நூலாக வெளியிட்டது. அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தலைப்பில் இருக்கும் அந்த ‘நானும்’ஐக் கவனியுங்கள். ‘சாதி ஒழிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் மேடைப்பேச்சுதான் வரும். ‘நானும்’ என்று ஒரு சொல் சேர்ந்ததும் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்த காப்பி வந்துவிடுகிறது.

முதலில் நீங்கள் எழுதுங்கள்

பிள்ளைகளிடம் கேட்பதற்கு முந்தின வாரம் நீங்கள் ஒரு பக்கம் எழுதி வகுப்பில் வாசியுங்கள். சாதனை வேண்டாம். கணக்கில் தோற்றது, சைக்கிளைத் தொலைத்தது, பொய் சொல்லி மாட்டிக்கொண்டது, இப்படி ஏதாவது. வாத்தியாரும் அசடு வழிந்தவர்தான் என்று தெரிந்த பிறகுதான் பேனா நகரும்.

தலைப்பு உள்ளங்கை அளவு இருக்கட்டும்

‘என் வாழ்க்கை’ என்று பலகையில் எழுதினால் ‘நான் இன்ன ஆண்டு பிறந்தேன்’ என்று தொடங்கி நான்காம் வரியில் நின்றுவிடும். ‘என் அப்பா’வும் வேண்டாம், அப்பா இல்லாத பிள்ளை அந்தப் பாடவேளை முழுக்கத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொருளைக் கொடுங்கள், இடத்தைக் கொடுங்கள்: நான் சாப்பிடும் வட்டல். எங்கள் கட்டுத்தறி. சனிக்கிழமை சம்பளம் வந்த இரவு. தறி ஓடாத நாளில் வீட்டுச் சத்தம். பனியன் கம்பெனியில் அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும்வரை நான் என்ன செய்வேன். ஒவ்வொரு முறையும் மூன்று தலைப்பு எழுதிப் போடுங்கள், ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எதுவுமே பிடிக்கவில்லை என்றால் குடையின் கதையை எழுதவும் உரிமை உண்டு. அதற்குள்ளும் சில நேரம் வீடு வந்துவிடும்.

சொல்லைத் திருத்தாதீர்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். முதல் வாரம் ஒரு பெண் ‘ஒரம்பரை வந்தாங்க, அமுச்சி கோழி அடிச்சாங்க’ என்று எழுதினாள். நான் கை பழகின சிவப்பு மையில் ‘விருந்தினர் வந்தனர், பாட்டி’ என்று மாற்றினேன். அடுத்த வாரம் அவள் எழுதியதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, வீடும் இல்லை. கோனார் உரைபோல இருந்தது. அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். பாட்டி என்றதும் அந்த உறவுமுறை போய்விட்டது. தப்பு என்னுடையது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டு மையை மாற்றினேன்.

‘பேச்சுத் தமிழை எழுதவிட்டால் தேர்வில் என்ன ஆகும்?’ என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்கவும் வேண்டும். அவருக்கு இரண்டு புத்தகங்களைக் காட்டலாம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே கொங்கு மக்களின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் வந்தது. வகுப்பில் சுவரோரம் ஒரு பெரிய தாள் ஒட்டி, பிள்ளைகள் எழுதும் ஊர்ச்சொல்லை ஒரு பக்கமும் பொதுத்தமிழை மறுபக்கமும் எழுதிவரச் சொன்னேன். தேர்வுக்கு எது, நோட்டுக்கு எது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். திருப்பூர்ப் பக்கப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தம் மொழியில் எழுதி, தமிழில் வாயால் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

சீட்டு எழுதி அடுக்குதல்

இத்தாலியின் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், தேர்வில் தோற்றுப் பள்ளியைவிட்டு விலக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகள் 1967இல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் உலகப் புகழ்பெற்றது. எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதினார்கள். லோரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் வழிகாட்டினார். அவர்கள் முறை எளிது: தோன்றியதைத் தனித்தனிச் சீட்டில் எழுதுவது, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்த்து அடுக்குவது, மிகையானதை வெட்டுவது. காலண்டர் தாளைக் கிழித்து நாங்களும் செய்தோம். ஒரு சீட்டில் ஒரு நினைவு. எட்டுச் சீட்டு சேர்ந்ததும் பெஞ்சில் பரப்பி, எது முன், எது பின் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ‘முன்னுரை, பொருளுரை, முடிவுரை’ மறந்துபோவது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

வீட்டில் கேட்டு வருதல்

அப்புச்சியிடமோ அமுச்சியிடமோ ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். வருஷம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ‘வாய்க்காலில் தண்ணி வந்தப்ப உங்களுக்கு என்ன வயசுங்க?’ என்று கேட்டால் பதில் வரும். கீழ்பவானி அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அதிலிருந்து வரும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பெரியவர் சொன்ன கணக்கையும் புத்தகக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நினைவு எங்கே சறுக்குகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். வரலாற்றுப் பாடம் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’, நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’, பாமாவின் ‘கருக்கு’ ஆகியவற்றை இந்த நேரத்தில் வாசித்துக் காட்டலாம். முதல் வாரமே பெரியவர்கள் கதையைக் காட்டினால், நம் கதையெல்லாம் ஒரு கதையா என்று பிள்ளை சுருண்டுகொள்ளும்.

மதிப்பெண் இல்லை, கேள்வி உண்டு

வாழ்க்கைக்குப் பத்துக்கு ஆறரை போடக் கூடாது. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘அந்த வட்டல் யாருடையது?’ ‘அப்புறம் நாய் திரும்பி வந்ததா?’ அடுத்த வாரம் பதிலோடு இன்னும் அரைப்பக்கம் வளர்ந்திருக்கும்.

யார் படிக்கலாம்?

இந்த இடத்தில்தான் நான் பெரிதாகச் சறுக்கினேன். ஒரு பையன் தன் வீட்டு மாடு விற்ற கதையை அருமையாக எழுதியிருந்தான். கேட்காமலே வகுப்பில் உரக்க வாசித்துவிட்டேன். பெயர் சொல்லவில்லைதான், ஆனால் யார் வீட்டு மாடு, யாருக்கு வட்டிக் கடன் என்று முப்பது பேருக்கும் தெரிந்தது. மறுநாள் அவன் அப்பா வாசலில் நின்றார். ‘ஏனுங் சார், எங்கூட்டுக் கடனை ஊரே பேசோணுங்களா?’

அதன்பிறகு வைத்த விதி: மடிக்காத பக்கம் எல்லாருக்கும், மடித்த பக்கம் ஆசிரியருக்கு மட்டும், எனக்கும் காட்ட வேண்டாததைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

ஆனால் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் துன்பத்தை எழுதியிருந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணான 14417ஐயும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்துவிடுங்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்’ என்று முதல் நாளே சொல்வது நேர்மை.

வகுப்புக்கு வெளியே கையெழுத்து இதழாகக் கொண்டுபோவதானால் பிள்ளையிடமும் வீட்டிலும் கேளுங்கள், ஊர்ப்பெயரை மாற்றுங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ என்ற கற்பனை நாவலுக்கே திருச்செங்கோட்டில் கடையடைப்பு வரை போன மண் இது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அந்தக் காற்றில் நிறுத்திவிடக் கூடாது.

நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நோட்டு அவரவர் கைக்குப் போய்விட வேண்டும். பள்ளி பீரோவில் வைத்தால் இரண்டு வருஷத்தில் எடைக்குப் போகும். சந்தையில் ஒருமுறை வாங்கின கடலைப் பொட்டலத்தை வீட்டில் பிரித்தபோது, உருண்டை எழுத்தில் ஒரு பிள்ளையின் கட்டுரைத் தாள். ஆறு தன் வரலாறு கூறிக்கொண்டிருந்தது, ஏழரை மதிப்பெண்ணோடு.