இறக்கியது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தலைப்புகளில் 'பகீர்', 'திடுக்', 'பரபரப்பு' மூன்றும் மாறி மாறி வருகின்றன. அந்தச் சொற்களை நான் இளக்காரமாகப் பார்ப்பவன் அல்ல. 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கியது. நடந்து போகிறவரை நாலைந்து சொல்லில் கடை வாசலில் நிறுத்தும் போஸ்டர் எழுதுவது லேசுப்பட்ட வேலையா? ஆனால் உன் 'பகீர்' எந்தச் செய்திக்குக் கழற்றி மாட்டினாலும் பொருந்தும். கோளாறு அங்கேதான்.

ஒன்றுக்கு மட்டும் நிருபரின் காப்பியையும் இணைத்திருந்தாய். கழிவுநீர்த் தொட்டிச் சாவு. 'பரிதாபம்: விஷவாயு தாக்கி 2 பேர் பலி' என்று வைத்திருக்கிறாய். இந்தச் செய்தி வந்தால் எந்த டெஸ்க்கிலும் கை தானாக அடிக்கும் தலைப்பு இதுதான். வாசகர் உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். கொன்றது வாயு என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாயே, வாயுமேல் யார் வழக்குப் போடுவது?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கித் தொட்டியைச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2014-இல். 2023-இல் அதையே 30 லட்சமாக்கியது. இதெல்லாம் தெரிந்த பிறகு காப்பியின் மூன்றாவது பத்தியைப் படி. கூப்பிட்டு வந்த ஒப்பந்தக்காரர் முகமூடிகூடத் தரவில்லை என்று போலீஸ் சொல்லியிருப்பது அங்கே கிடக்கிறது. அதை மேலே தூக்கு:

'முகமூடி தராமல் தொட்டிக்குள் இறக்கப்பட்ட 2 தொழிலாளர்கள் பலி.'

பரிதாபம் என்று ஒரு சொல் இல்லை. ஆனாலும் இறக்கியது யார் என்று கேட்டுக்கொண்டே வாசகர் உள்ளே வருவார். அவர்களாகவே இறங்கினார்களா, இறக்கினார்களா என்று காப்பியில் தெளிவில்லை என்றால் மட்டும் இப்படி எழுதாதே. நிருபருக்குப் போன் போடு. பக்கம் முடிக்கிற நேரத்தில் எரிந்து விழுவார், பரவாயில்லை.

தற்கொலைச் செய்திக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம். பிரஸ் கவுன்சில் 2019-இல் ஏற்ற நெறிமுறை பரபரப்புத் தலைப்பையே கூடாது என்கிறது. எப்படி, எங்கே என்பதும் தலைப்பில் வரக் கூடாது.

அடுத்த முறை எல்லாத் தலைப்புக்கும் காப்பியைச் சேர்த்தே அனுப்பு. மற்றவற்றைப் பற்றி அப்போது பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்