போதிப்போர் தம்மைக் காத்தல்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், பிறர்க்குக் கற்பிப்போர் தம் உள்ளத்தை எவ்வாறு பேணுதல் வேண்டும் என்பதாகும். இது பள்ளிக்கூட ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. ஞாயிறுதோறும் சிறுவர்க்குப் பஞ்சசீலம் சொல்லித் தருபவரும், மாலையில் எழுத்தறிவிப்பவரும், பௌர்ணமிக் கூட்டங்களில் உரையாற்றுபவரும் இதில் அடங்குவர்.

நம்மவருள் இப்பணியை ஏற்பவர் பெரும்பாலும் பகலெல்லாம் வேறு வேலையில் உழைத்துக் களைத்தவர். பிச்சாட்டூர் போன்ற எல்லைப்புற ஊர்களிலோ, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகளுக்கு இரு மொழியிலும் விளக்கம் கூற வேண்டியிருக்கிறது. முதலாண்டு உற்சாகம், அடுத்த ஆண்டு சலிப்பு, மூன்றாம் ஆண்டில் வகுப்பு நின்றுவிடுகிறது. “அவருக்கு ஊக்கம் போதவில்லை” என்று ஊரார் எளிதிற் கூறிவிடுகின்றனர். நோயை அறியாது கூறும் சொல் அது. வகுப்பு நின்றால் இழப்பு அவ்வொருவரோடு முடிவதில்லை. தம்மம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியே அடைபட்டுப் போகிறது. ஆதலின் இதனைச் சிறு செய்தியாகக் கருதலாகாது.

கழைக்கூத்தாடியின் கதை

சும்ப நாட்டுச் சேதகம் என்னும் ஊரில் பகவான் கூறிய கதையொன்று சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. கழைக்கூத்தாடி ஒருவன் மூங்கிலை நிறுத்தித் தன் மாணாக்கனைத் தோள்மீது ஏறி நிற்கச் செய்தான். நீ என்னைக் காப்பாய், நான் உன்னைக் காப்பேன், இவ்வாறு வித்தை காட்டிப் பொருள் பெற்றுப் பத்திரமாக இறங்குவோம் என்பது ஆசானின் எண்ணம். மாணாக்கன் உடன்படவில்லை. தாங்கள் தங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நான் என்னைக் காத்துக்கொள்கிறேன், அதுவே முறை என்றான்.

பகவான் மாணாக்கன் கூறியதையே முறையென ஏற்றார். எனினும் அதனோடு நின்றுவிடவில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான். பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று இரண்டையும் இணைத்துக் காட்டினார். முதலாவது, இடைவிடாத மனப்பயிற்சியால் நிகழ்வது. இரண்டாவது, பொறுமை, இன்னா செய்யாமை, மைத்திரி, பரிவு ஆகியவற்றால் நிகழ்வது.

தன் கால் நிலைகொள்ளாத ஆசான் தோள்மேல் நிற்பவனைத் தாங்க இயலாது. ஆகவே, போதிப்பவர் தம் மனத்தைப் பேணுவது தன்னலம் ஆகாது. அது மாணவர்க்குச் செய்யும் முதற்கடமை.

பகவானின் நடைமுறை

கபிலவஸ்துவில் சாக்கியர் புதிதாகக் கட்டிய மண்டபத்திற் பகவான் இரவு நெடுநேரம் உபதேசித்தார். பின்னர், தமக்கு முதுகு நோவதாகக் கூறி, மேற்கொண்டு போதிக்கும்படி ஆனந்தரைப் பணித்து, மேலாடையை மடித்து விரித்து வலப்புறமாகப் படுத்து ஓய்வுகொண்டார். இச்சானங்கலக் காட்டில் ஒருமுறை மூன்று மாதம் தனித்திருந்தார். உணவு கொணரும் ஒருவரைத் தவிர எவரும் தம்மை அணுக வேண்டாம் என்று கூறிவிட்டார்.

உடல் நோவை மறைக்க அவர் முயலவில்லை. தாம் இளைப்பாறும்போது வேறொருவரைப் பேசவிடத் தயங்கவில்லை. பல்லாயிரவர் தம்மை நாடியபோதும் தனிமையைக் கைவிடவில்லை. சம்புத்தரே இவ்வாறிருக்க, வாரத்தில் ஏழு நாளும் ஓயாது உழைப்பதே தியாகமென எண்ணும் நாம் எம்மாத்திரம்?

பள்ளி என்னும் சொல்

நமது பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தம்மை உலக குருவாகப் போற்றிய நட்சத்திர சங்கத்தை 1929-இல் தாமே கலைத்தவர். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் ஆசிரியரின் அகவாழ்வைப் பற்றி அவர் சிந்தித்தவை நமக்கும் பயன்படும். மதனப்பள்ளிக்கு அண்மையிலுள்ள ரிஷி வேலி உள்ளிட்ட தம் பள்ளிகளுக்கு, 1978 செப்டம்பர் முதல் பதினைந்து நாட்களுக்கு ஒரு கடிதமாக எழுதிவந்தார். ஓய்வு இருக்குமிடமே பள்ளி என்பது அக்கடிதங்களில் வரும் முக்கியக் கருத்துக்களுள் ஒன்று. ஓய்வென்று அவர் குறித்தது சோம்பலை அன்று. கவலையாலும் ஆசையாலும் நெருக்குண்ணாத மனத்தை.

கிரேக்க மொழியிலும் பள்ளியைக் குறிக்கும் சொல்லின் மூலம் ஓய்வே. அத்துணைத் தொலைவு செல்வானேன்? பிச்சாட்டூருக்கு அண்மையிலுள்ள சுருட்டப்பள்ளிக் கோயிலில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருப்பதை நம்மவர் அறிவர். அங்கே பள்ளி என்பது துயிலைக் குறிக்கிறது. முற்காலத்தில் பௌத்த, சமணத் துறவியர் உறைந்த இடத்திற்கும் பள்ளி என்றே பெயர். அவர்கள் அங்கிருந்து கல்வி புகட்டியமையால் பள்ளிக்கூடம் என்னும் சொல் வழங்கலாயிற்று. அமைதியும் கல்வியும் ஓரிடத்தில் வாழ்ந்தன என்பதற்கு நம் மொழியே சான்று.

சுமையைப் பகிர்தல்

மன அமைதியை மட்டும் கூறிச் சுமையை அப்படியே விட்டுவிடுதல் நியாயமன்று. ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக ஒரு முறையை வகுத்தது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஓராசிரியரிடம் பயில்வர். பாடங்கள் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிள்ளை தன் படியில் தானே முன்னேறும். அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்கு உதவும். ஆசிரியர் தேவைப்பட்ட இடத்தில் அமர்வார். இம்முறையைத் தழுவியே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்னர் தமிழ்நாடெங்கும் பரவியது. நாள் முழுதும் ஒருவரே கத்திக்கொண்டிராமல் வகுப்பை அமைக்க முடியும் என்பதை நாம் இதிலிருந்து அறிகிறோம்.

நூற்பாலையில் உழைத்த காலத்தில் நாம் கண்டதொன்றையும் ஈண்டுக் கூறுவோம். இழை அறுந்தால் முனையைத் தேடி எடுத்து நொடியில் பிணைக்க வேண்டும். அதனை வாயாற் கற்பிக்க இயலாது. புதியவன் மூத்தவரின் விரல்களைப் பார்த்தே கற்கிறான். மூத்தவர் பதற்றத்தோடு செய்தால், இழை பிணைப்பதோடு பதற்றத்தையும் அவன் கற்றுக்கொள்கிறான். நம் வகுப்பிலும் அவ்வாறே. மைத்திரியைப் பற்றி நாம் சொல்லும் சொல் பிள்ளைகளுக்கு மறந்துபோகும். சொல்லும்போது நம் முகத்திலிருந்த சினம் மறவாது. சட்டியில் இருந்தாற்றானே அகப்பையில் வரும்?

செய்ய வேண்டுவன

போதிப்பவர் வகுப்பிற்குமுன் கால்மணி நேரம் மூச்சில் மனத்தை நிறுத்தி அமர்க. வகுப்பு முடிந்தபின், உதாயியைக் குறித்துப் பகவான் ஆனந்தருக்கு உரைத்த ஐந்தையும் தம்மிடமே வினவிக்கொள்க: படிப்படியாகக் கூறினேனா? காரணம் காட்டினேனா? பரிவினாற் பேசினேனா? ஆதாயம் கருதாதிருந்தேனா? எனக்கும் பிறர்க்கும் ஊறு நேராதபடி பேசினேனா? மாதம் ஒருமுறை பிறரைப் போதிக்கவிட்டுத் தாம் கேட்போராய் அமர்க. மனச்சோர்வை ஒரு கல்யாணமித்திரரிடம் மறையாது உரைக்க.

சங்கத்தார் ஒரு வகுப்பிற்கு இருவரை அமர்த்துக. திருமணம், இழவு, மனு எழுதுதல் ஆகிய யாவற்றையும் அவர் தலையிலேயே சுமத்தற்க. சாக்குக்கட்டிக்கும் பஸ் கட்டணத்திற்கும் அவர் கைப்பணம் செலவாகாதவாறு பார்த்துக்கொள்க. ஒரு வாரம் அவர் வாராதிருந்தால், குறை கூறுமுன் வீடு சென்று நலம் வினவுக.

பிச்சாட்டூர் அணை ஆரணியாற்று நீரைத் தேக்கி வைப்பதும் உண்டு, திறந்துவிடுவதும் உண்டு. தேக்காத அணையிலிருந்து திறந்துவிட யாதும் இராது.

குடும்பத்தோடு கலந்து ஆராய வேண்டிய வினாக்கள்

1. கழைக்கூத்தாடியின் கூற்றுக்கும் மாணாக்கன் கூற்றுக்கும் உள்ள வேறுபாடு யாது? பகவான் அதனோடு சேர்த்துக் கூறியது யாது?

2. பகவான் ஆனந்தரைப் போதிக்கச் செய்ததால் ஆனந்தர் அடைந்த நன்மை யாது?

3. நம் ஊரில் போதிப்பவரின் சுமையில் எதனை நாம் இவ்வாரமே ஏற்றுக்கொள்ளக் கூடும்?

மூன்றாம் வினாவிற்கு விடையைச் செயலாற் கூறுக. மங்களம் உண்டாகுக.