அச்சும் சொல்லும்

நுழையும்முன்

மொழி மக்களிடையே தானே வளர்வது என்பது பொதுக்கருத்து. ஆயினும் குறிப்பிட்ட தேவைக்காக, முன்னரே வகுத்த வரையறைகளுக்கு உட்பட்டு, குறுகிய காலத்தில் மொழியொன்றை ஆக்கவும் இயலும். தமிழ்ப் பாடலாசிரியர் ஒருவர் திரைப்படத்துக்காக அவ்வாறு ஆக்கிய மொழியையும் அத்தகைய ஆக்கத்தில் எழும் சிக்கல்களையும் இப்பாடம் ஆராய்கிறது.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பட்டறைகளில் அகல்விளக்குகளும் பொம்மைகளும் உருவாகும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கூழ்போல் கரைத்த பீங்கான் களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரையொட்டி மண் படிந்து இறுகுகிறது. போதிய தடிமன் சேர்ந்ததும் எஞ்சிய கூழை வெளியே வடித்துவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கின்றனர். இதில் கலைஞரின் கைக்குக் கட்டுகள் பல. அச்சிலிருந்து கழன்று வராத வளைவை வைத்தல் ஆகாது. சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் உலரும்போதே வெடிக்கும். உலர்ந்தும் சூளையில் வெந்தும் மண் சுருங்குவதால், வேண்டிய அளவைவிட அச்சு பெரிதாக இருத்தல் வேண்டும். இவ்வளவுக்கும் உட்பட்டே பொம்மையின் முகத்தில் புன்னகை பிறக்கிறது.

சொல்லுக்கும் இவ்வாறு அச்சு உண்டா? அவ்வூரின் பெயரே ஒரு விடை தருகிறது. திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். முதுமை என்பதை ‘விருத்த’ என்றும், குன்று என்பதை ‘அசலம்’ என்றும் வடமொழியில் பெயர்த்தமைத்ததே விருத்தாசலம். பொருளை வைத்துக்கொண்டு ஒலியை முற்றிலும் மாற்றிய ஆக்கம் இது. ஒலிகளை வைத்துக்கொண்டு அவற்றின் வரிசையை மட்டும் மாற்றிப் பொருளை எதிர்மறையாக்கும் வழியும் உண்டு. அவ்வழியைத் தன் அடிப்படையாகக் கொண்டது ‘கிளிக்கி’ என்னும் ஆக்கமொழி.

பாடலாசிரியரும் கணினி அறிவியல் ஆய்வாளருமான மதன் கார்க்கி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியையும் செய்தார். அக்குழந்தைகளுடன் விளையாடுவதற்காக ‘கிளிக்’ என்னும் சிறு மொழியை உருவாக்கினார். ‘மின்’ என்றால் நான். ‘நிம்’ என்றால் நீ. ஒரு சொல்லைத் திருப்பினால் அதற்கு எதிரான சொல் கிடைக்கும். குழந்தை ஒன்றைக் கற்றால் இரண்டு கைவரும்.

பின்னர் இயக்குநர் எஸ்.எஸ்.ராஜமௌலியின் ‘பாகுபலி’ திரைப்படத்தில் காலகேயர் என்னும் கொடிய போர்க்குடியினருக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. 2015 ஜூலையில் வெளியான அப்படத்தின் தமிழ் வசனத்தை எழுதியவரும் மதன் கார்க்கியே. படம் தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர உருவானது. ஆகவே காலகேயரின் பேச்சு இரு மொழியினருக்கும் ஒரே அளவில் அயலாக ஒலித்தல் வேண்டும். பொருள் விளங்காதபோதும் அச்சத்தைத் தருதல் வேண்டும். நடிகர் அதை மனப்பாடம் செய்து உணர்ச்சியோடு பேசவும் இயலவேண்டும். குழந்தைகளுக்கென்று பிறந்த ‘கிளிக்’ இவ்வச்சுக்குள் மீண்டும் வார்க்கப்பட்டது. வன்மையான ஒலிகளும் நாவைச் சொடுக்கும் ஒலிகளும் சேர்ந்தன. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட கிளிக்கி உருவாயிற்று.

வெறும் கூச்சலை எழுதித் தந்திருந்தாலும் படம் ஓடியிருக்கும் என்று தோன்றலாம். ஆனால் கூச்சலுக்கு ஒழுங்கில்லை. முதற்காட்சியில் வந்த சொல் அடுத்த காட்சியில் அதே பொருளில் திரும்ப வரும்போதுதான் செவி அதை மொழியென ஏற்கிறது.

‘மின்’, ‘நிம்’ என்னும் இணையைத் தமிழ் இலக்கணக் கண்கொண்டு பார்த்தால் சுவையான உண்மைகள் புலப்படும். ‘மின்’ என்பதை எழுத்து எழுத்தாகத் திருப்பினால் ‘ன்மி’ என்றாகும். அது நாவில் நிற்காது. புணர்ச்சி இலக்கணத்தில் செய்வதுபோல ம் + இ + ன் எனப் பிரித்து, ஒலிகளைத் திருப்பினால் மட்டுமே அடுத்த சொல் கிடைக்கும். அவ்வாறு திருப்பும்போதும் றன்னகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராது. ஆகவே எழுதுகையில் தந்நகரமாக மாற்றி ‘நிம்’ என்கிறோம். மேலும், அச்சமூட்டப் பிறந்த மொழியின் ‘நான்’, ‘நீ’ என்னும் சொற்களில் உள்ள மெய்கள் அனைத்தும் மெல்லினமே! திரையரங்கில் எழும் அச்சத்தில் பெரும்பங்கு நடிகரின் குரலுக்கும் பேச்சின் விரைவுக்கும் உரியது என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று. ஆக்கிய சொல் பழகிய மொழிகளின் நிழலிலிருந்து முற்றும் விலகுவதுமில்லை. ‘மின்’ என்றதும் தமிழ்ச் செவியில் மின்னல் தோன்றும். ‘நிம்’ என்பது நம் ‘நும்’ என்பதற்கும், ‘உங்கள்’ எனப் பொருள்படும் கன்னட ‘நிம்ம’ என்பதற்கும் அண்டையில் நிற்கிறது.

சொடுக்கொலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரக்கம் தோன்ற நாம் ‘உச்சுக்கொட்டும்’ ஒலி ஒரு சொடுக்கொலியே. வண்டிமாட்டை முடுக்குவோர் எழுப்பும் ஒலியும் அவ்வகையினது. அவை தமிழில் சொல்லின் உறுப்பாக வருவதில்லை; அதனால் அவற்றைச் சொற்களுக்குள் கேட்கும்போது வியப்பும் மருட்சியும் அடைகிறோம். தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா மொழிகளில் அவை நம் ககர, தகரங்களைப்போல அன்றாட மெய்யெழுத்துகள். நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி கோசா. அம்மொழியின் பெயரே சொடுக்கொலியில்தான் தொடங்குகிறது. அவ்வொலிகளால் அங்கே தாய்மார் தாலாட்டுகின்றனர். ஆகவே ‘கொடியவருக்கு ஏற்ற ஒலி’ என்னும் வரையறையில், கேட்போரின் பழக்கமும் அதனோடு சேர்ந்த முன்முடிவும் கலந்துவிடுகின்றன. மொழியாக்குவோர் இதை அறிந்து செய்தல் வேறு, அறியாமல் செய்தல் வேறு.

தெரிந்து தெளிவோம்

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் குழூஉக்குறி. இது தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்று. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்கு எடுத்துக்காட்டுகள். சிறுவர் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ககரம் சேர்த்து ‘நீ வா’ என்பதைக் ‘கநீ கவா’ எனப் பேசும் விளையாட்டும் உண்டு. முன்னது சொல்லை மாற்றுகிறது. பின்னது ஒலியமைப்பை மாற்றுகிறது. இரண்டிலும் இலக்கணம் தமிழாகவே இருப்பதால் இவை தனிமொழிகள் ஆகா.

வரையறையின் கடுமைக்கு மற்றொரு திரைப்படச் சான்று உண்டு. 1982-இல் வெளியான ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் இரண்டாம் படத்தில் இரு வேற்றுக்கோளினர் உரையாடும் காட்சி ஆங்கிலத்தில் படமாக்கப்பட்டுவிட்டது. அதன்பின் அவ்வுரையாடல் வேற்றுமொழியில் இருக்கவேண்டும் எனப் படக்குழு கருதியது. மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட், நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்துமாறு புதுச்சொற்களை அமைத்துத் தந்தார். மொழிமாற்றுப் படங்களுக்கு உரையாடல் எழுதுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இது; அவர்களுக்கேனும் இருக்கிற மொழி துணை நிற்கும். அவரே 1984-இல் வெளியான மூன்றாம் படத்துக்குக் கிளிங்கான் மொழியை விரிவாக்கினார். முதற்படத்தில் நடிகர் ஒருவர் அமைத்துவிட்டுப்போன சில ஒலிகளை விலக்காமல், அவற்றுக்குப் பொருந்தும்படி இலக்கணம் கண்டார். அதன் தொடர்களில் செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் இறுதியிலும் வரும். உலக மொழிகளில் அருகிக் காணப்படும் இவ்வரிசையே அதன் அயன்மைக்குக் காரணம்.

திரைக்காக அன்றி மக்களின் பொதுப்பயன்பாட்டுக்காக ஆக்கப்பட்ட மொழி எசுபெராண்டோ. போலந்தின் பியாலிஸ்டோக் நகரில் பிறந்த கண்மருத்துவர் சாமன்ஹோஃப் அதை 1887-இல் வெளியிட்டார். அவர் வளர்ந்த ஊரில் போலந்தியர், உருசியர், செருமானியர், யூதர் எனப் பல்மொழியினர் பகைமையோடு வாழ்ந்தனர். எவருக்கும் சொந்தமில்லாத மொழியொன்று அனைவருக்கும் பொதுவாகலாம் என்பது அவர் எண்ணம். அடிப்படை விதிகள் 16 மட்டுமே. அங்கும் எதிர்ச்சொல்லுக்குச் சிக்கன வழி உண்டு: ‘போனா’ என்றால் நல்ல; ‘மல்’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து ‘மல்போனா’ என்றால் தீய. 2001-இல் கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் அமைத்த ‘டோக்கி போனா’ இன்னும் இறுகிய அச்சு. எழுத்துகள் 14, சொற்கள் ஏறத்தாழ 120. ‘யான்’ மனிதர், ‘போனா’ நன்மை. ‘யான் போனா’ நண்பர்.

இனி, மாணவர் குழுவொன்று ஒரே நாளில் மொழி ஆக்க முனைவதாகக் கொள்வோம். பீங்கான் பட்டறையில் உள்ளூர்த் தொழிலாளரும் தமிழறியா வெளிமாநிலத் தொழிலாளரும் அருகருகே நிற்கின்றனர், சூளையருகே இரைச்சல், சில ஏவல்களை உடனே சொல்லியாக வேண்டும். வரையறைகள்: மெய்கள் 10, உயிர்கள் அ, இ, உ என மூன்று, சொல்லெல்லாம் ஈரெழுத்து உயிர்மெய், மொத்தச் சொற்கள் 60.

இவ்வச்சின் கொள்ளளவைக் கணக்கிடலாம். பத்து மெய்யும் மூன்று உயிரும் சேர 30 உயிர்மெய்கள். ஈரெழுத்துச் சொற்கள் 30 × 30 = 900. கிளிக்கியின் வழியில் எதிர்ச்சொல்லைத் திருப்பிப் பெறலாம் என்றால், ஒரே எழுத்து இரட்டித்த 30 சொற்கள் திருப்பியும் மாறா. எஞ்சிய 870-இல் 435 இணைகள் கிடைக்கும். அறுபது சொற்களுக்கு இது மிகையான செல்வம்.

குழு ‘பலு’ என்பதற்குச் ‘சூடேற்று’ எனப் பொருள் வைக்கிறது. திருப்பினால் ‘லுப’, அதாவது ‘ஆறவிடு’. தாளில் இது அழகாகவே உள்ளது. சூளையருகே ஒருவர் இரைச்சலை மீறி மும்முறை கத்துகிறார்: பலுபலுபலு! கேட்பவருக்கு முதலெழுத்து தவறினால் எஞ்சுவது லுபலுபலு. சூடேற்றச் சொன்னாரா, ஆறவிடச் சொன்னாரா? கற்க எளிதாக்கிய விதியே கேட்கும்போது கேட்டை விளைவிக்கிறது. வெந்துகொண்டிருக்கும் சூளை திடீரெனக் குளிர்ந்தால் உள்ளிருக்கும் பொருள்கள் விரிசல் காணும். பல நாள் உழைப்பு வீணாகும்.

‘மின்’, ‘நிம்’ போல ஒலி ஒலியாகத் திருப்பினால் என்ன? ப் + அ + ல் + உ என்பது ‘உலப்’ ஆகிறது. சொல்லெல்லாம் உயிர்மெய் இரண்டாகவே இருக்கவேண்டும் என்னும் விதி இங்கு உடைகிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பதும் தமிழ் நாவுக்கு இயல்பன்று; உள்ளூர்த் தொழிலாளர் தம்மையறியாமல் ‘உலப்பு’ என்பர். எசுபெராண்டோவின் வழியில் முன்னொட்டு வைத்தாலோ, இரைச்சலில் முன்னொட்டு மட்டும் காற்றோடு போய் எதிர்ப்பொருள் வந்து சேரும். ஆகவே இடர்மிகுந்த ஏவல்களுக்கேனும் எதிர்ச்சொல் விதியைக் கைவிட்டு, ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத சொற்களைத் தனித்தனியே வைப்பதே தக்கது. விதியொன்று குறைகிறது; நினைவில் வைக்கும் சுமை கூடுகிறது. விரைந்து செய்யும் மொழியாக்கத்தில் இவ்வகைப் பேரம் தவிர்க்கவியலாதது. விதிவிலக்கு ஒன்றும் இல்லாத மொழியை ஆக்கினோம் என்று மகிழ்வோர், பெரும்பாலும் அதை வேலைக்களத்துக்கு இன்னும் கொண்டு செல்லாதவராக இருப்பர்.

மாலைக்குள் அறுபது சொற்களும் நிரம்பிவிடுகின்றன. அப்போது அச்சிலிருந்து எடுத்த அகல் ஒன்றில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறது. விரிசல் என்பதற்குச் சொல் வைக்கப்படவில்லை. டோக்கி போனாவைப்போல இருக்கும் சொற்களை இணைத்துக் ‘கோடு-தீது’ என்று சொல்லிப் பார்க்கின்றனர். அது கோணலாக வரைந்த கோட்டையும் குறிக்குமே என்கிறார் ஒருவர். ‘உடை-சிறிது’ என்கிறார் மற்றொருவர். அது சிறிய உடைசலையும் குறிக்கும். அறுபத்தொன்றாவது சொல்லைச் சேர்க்கலாமா, வரையறையைக் காக்கலாமா என்று குழு விவாதிக்கத் தொடங்குகிறது. அதற்குள் பட்டறைக்காரர் அகலைக் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்து, அதன் மங்கிய ஒலியைக் கேட்டு, உச்சுக்கொட்டியபடி அதை ஒதுக்கி வைக்கிறார். அங்கிருந்த அனைவருக்கும் பொருள் விளங்கிவிடுகிறது.