கணினியை மாற்றுமுன் கணக்கைக் காப்பாற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பல கடைகளில் விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். அப்போது 'ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்கட்டும்' என்ற வசதி உண்டு, அதையே கேளுங்கள். விண்டோஸ் 7-லிருந்து நேரே மாறுவோருக்கு அது கிடையாது. 'ஃபார்மட்' செய்தாலோ சி டிரைவில் உள்ளது அத்தனையும் போய்விடும். டாலி கணக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, முதல் நாளே டாலி டேட்டா ஃபோல்டரை பென் டிரைவில் நகலெடுங்கள். வேறொரு கணினியில் அதைத் திறந்து, நேற்றைய பில்லும் பாக்கிப் பட்டியலும் வருகின்றனவா பாருங்கள். நோட்டுக் கட்டை எண்ணாமல் வாங்குவோமா? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கு நம்மிடம் இருந்தாக வேண்டும். கடன் பாக்கியோ, ஏட்டில் இல்லையென்றால் கேட்கவே வாய் வராது.

வேலை முடியும்வரை பென் டிரைவ் கல்லாப் பெட்டியில் இருக்கட்டும். மெக்கானிக் கையில் வேண்டாம்.