பழைய கேமராவின் புதிய விலை

மயிலாப்பூரில் ஸ்டூடியோ நடத்திய என் பெரியப்பா, தம் யாஷிகா மேட் கேமராவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார். இன்று அதே மாதிரியை நான் விசாரித்தால், ஓராண்டுக் கல்லூரிச் செலவு கண்முன் வந்து நிற்கிறது.

காரணம் யாது? 120 பிலிமைக் கோடக் 1901-இல் வெளியிட்டது. இக்கேமராவில் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் 35 மி.மீ. படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. எவ்வளவு பெரிதாக்கினாலும் முகம் கலங்குவதில்லை. யாஷிகா மேட் 124ஜி உற்பத்தியோ 1986-இல் நின்றது. உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டுவிட்டது. புதிது வராத பொருளில், பழுதாகும் ஒவ்வொன்றும் மற்றவற்றின் விலையை ஏற்றுகிறது. ஷட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. இளைஞர் நாட்டமோ பெருகுகிறது. நானும் அக்குற்றவாளிகளுள் ஒருவன்!

பெரியப்பாவிடம் விலையைச் சொன்னேன். "உன் அப்பன் கல்யாணத்தை அதில்தானேடா எடுத்தேன்" என்றார். அந்த நெகடிவ்கள் இன்னும் பீரோவில் இருக்கின்றன.